பாலிக் புலாவ் புள்ளி

ஆகஸ்ட் 1, ஞாயிறு

நல்ல வெயில். ஆபீஸில் ஜப்பான் வருடக் கணக்கில் 2603 என்று எழுதிப் பழகிய கை இங்கேயும் அதையே எழுதப் பார்க்கிறது. இது என் சொந்த நோட்டு. இங்கே 1943தான்.

சைக்கிள் டயருக்குள் பழைய கயிற்றைச் சுற்றித் திணித்தேன். வண்டி ஓடுகிறது. உட்காருகிறவன் பாடுதான் சொல்லும்படி இல்லை.

பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். இனி ப. என்றே எழுதுவது. யாராவது எடுத்துப் படித்தால் பாக்கி என்று நினைத்துக்கொள்ளட்டும். சிங்கப்பூர் கல்லூரியில் எனக்கு முன் பெஞ்ச். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்து, மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதும் ஒரே வண்டியில் ஊர் திரும்பினோம். நான் கொண்டுவந்தது இரண்டு சட்டை. அவள் கொண்டுவந்தது புள்ளிவிவரப் பாடப்புத்தகம். யார் நல்ல மாணவர் என்று அதிலேயே தெரியவில்லையா?

லெக்சரர் கடைசி வகுப்பில் ஒரு புது வார்த்தை சொன்னார். எக்கனாமெட்ரிக்ஸ். பொருளாதாரத்தை வாயால் பேசுவதை விட்டுவிட்டுக் கணக்கால் பேசுவது. அடுத்த டெர்மில் தொடங்கலாம் என்றார். அடுத்த டெர்ம் வரவில்லை. அவர் இப்போது எந்தக் கைதிக் கேம்பில் மரவள்ளிக் கிழங்கு தோண்டுகிறாரோ.

ஆகவே நாங்களே படிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில். அவள் அம்மா பிரம்பு நாற்காலியில், தையலோடு, சரியாக இருவருக்கும் நடுவில். புத்தகத்தை வாரம் ஒருவர் வைத்துக்கொள்வது. இந்த வாரம் என் முறை.

கொடுக்கும்போது சொன்னாள்: "அஞ்சாம் அதிகாரத்தை வாசிச்சிட்டு ஆறுக்குப் போங்கோ."

வீட்டுக்கு வந்து ஐந்தைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகப் பேச்சு, ஒரு சூத்திரம் இல்லை. ஆறில்தான் கோடு போடுகிற முறை. ஐந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

புழுக்கம். ராத்திரிச் சாப்பாடு உபி, நேற்றும் உபி. மரவள்ளிக்கு மலாய்ப் பெயர் வைத்தால் ருசி மாறிவிடும் என்று யார் சொன்னது?

கோடு போடுவது இப்படி. இரண்டு விஷயம் எடுத்துக்கொள். ஒன்றைக் குறுக்கே, ஒன்றை நெடுக்கே வை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புள்ளி. பிறகு எல்லாப் புள்ளிக்கும் கூடியவரை பக்கமாகப் போகிற மாதிரி ஒரே ஒரு கோடு. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால், அந்தக் கூட்டல் எந்தக் கோட்டுக்குக் குறைவோ அதுதான் சரியான கோடு. எவ்வளவு அழகு. யுத்தத்துக்கு நடுவில் உலகத்தில் ஒரு பொருளாவது நேராக இருக்கிறது.

புள்ளிக்கு என்ன செய்வது? சட்டென்று தோன்றியது. நான் வேலை செய்வதே பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸ். தீவு முழுக்க எங்கே பிறந்தது, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, பிழைத்ததா இல்லையா, எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகிறது. இத்தனை நாள் கிராணி வேலை, வெறும் குமாஸ்தா உத்தியோகம் என்று சலித்துக்கொண்டிருந்தேன். புதையல் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலை. பெரிய கிராணி எட்டிப் பார்த்தார்.

"என்னடா வரையிற, படமா?"

"கணக்கு சார்."

"ஜப்பான்காரன் பாத்தா மேப்பு போடுறேன்னு புடிச்சுக்கிட்டுப் போயிடுவான். மூடி வை."

கப்பல் கம்பெனி விளம்பரத்தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருக்கிறாள். வட்டாரத்துக்கு ஒரு புள்ளி. குறுக்கே, பிறந்ததில் ஆஸ்பத்திரியில் பிறந்த பங்கு. நெடுக்கே, இறந்தே பிறந்ததும், பிறந்து இறந்ததும் சேர்த்த பங்கு.

டவுன் புள்ளிகள் வலது பக்கம் மேலே. சுங்கை பினாங், அதாவது நாங்கள், நடுவில். மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலிக் புலாவ் இடது மூலையில் அடியோடு அடியாக. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இல்லை, குழந்தை சாவும் இல்லை. டுரியான் தோப்புக் காற்று அப்படி.

கோடு மேலே ஏறுகிறது. சந்தேகமே இல்லாமல் ஏறுகிறது. எங்கே ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறார்களோ, அங்கே குழந்தைகள் அதிகம் சாகின்றன.

எழுந்து நின்றுவிட்டேன். பயத்தால் இல்லை, சந்தோஷத்தால். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

அக்காவுக்கு இது நிறை மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. மைதா மாவுச் சாக்கைப் பிரித்து, அலசி, சின்னச் சின்னச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள். ஒன்றின் முதுகில் மில்லின் பெயர் தலைகீழாக, எவ்வளவு துவைத்தும் போகாமல். "பள்ளிக்கூடம் போகாமலே இங்கிலீஷ் வந்துரும் இவனுக்கு" என்று சிரிக்கிறாள். பையன்தான் என்று முடிவே செய்துவிட்டாள்.

சாப்பிடும்போது மச்சான் பேச்சை எடுத்தார். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தாலே சோறு இறங்காது. இப்போது அதைவிடப் பெரிய கவலை இவருக்கு.

"மாப்ள, வலி வந்தா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா? தலப்புள்ள. பீடான் போதுமா?"

பீடான் ஈத்தாம் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மலாய்க் கிழவி.

நான் எழுந்து போய்ப் படத்தைக் கொண்டுவந்து விரித்தேன். விளக்கினேன். புள்ளி, கோடு, ஏற்றம். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே முழுக்க நம்பினார். படிக்காதவர்களுக்குப் படிப்பின் மேல் எவ்வளவு மரியாதை. அக்கா கோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அப்ப வீட்டுலயே பெத்துக்கிறேன். என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

காலேஜுக்குப் போனதற்கு இன்றுதான் ஒரு பலன் என்று நினைத்தேன். இரண்டு உபி கூடச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

மழைத் தூறல். ப. வீடு. படம் மடித்துச் சட்டைப் பையில். காட்டவில்லை.

ஏன்? கண்ணால் பார்த்துப் போட்ட கோடு அது. முறைப்படி வர்க்கக் கணக்குப் போட்டு, சுத்தமாக நகல் எடுத்து, அடுத்த வாரம் முன்னால் வைத்து அசத்த வேண்டும் என்று. முன் பெஞ்ச் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா?

"அஞ்சாம் அதிகாரம் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன். பொய் இல்லை. பார்த்தேன்தான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முறை.

ஆகஸ்ட் 12, வியாழன்

மூன்று நாளாக வர்க்கம், பெருக்கல், கூட்டல். கோடு கொஞ்சம்தான் நகர்ந்தது. ஏற்றம் அப்படியே. நகல் எடுத்தாயிற்று. சோப்பு இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. தலை வலி.

பக்கத்து வரிசை ரெங்கசாமி அண்ணன் குழாயடியில், "என்ன தம்பி, மாமா ஆவப் போறீங்களாமே" என்றார். அவர் சம்சாரத்துக்கும் இது எட்டாம் மாதம். வரிசை முழுக்க அரிசிதான் இல்லை, மற்றதில் குறைவில்லை.

ஆகஸ்ட் 14, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிய வலி. பீடான் ஈத்தாம் வந்தாள். எண்ணெய், வெந்நீர், வெற்றிலை. காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா இடையிடையே என்னைக் கேலிகூட செய்தாள்.

உச்சி வெயில் ஆயிற்று. குழந்தை வரவில்லை. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மச்சான் பீடானிடம் கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். "போனா போ லா. இருந்தா இரு லா. நான் என்ன சொல்ல?" அவளுக்கும் தெரியவில்லை. தெரியாதது போலவே இருந்தாள். நான் அப்படி இல்லை.

மச்சான் ஓடிப் போய் ஒரு பெச்சாவை, அதாவது சைக்கிள் ரிக்ஷாவை, கூட்டிவந்தார். பெச்சாக்காரச் சீனர் வாசலில் வண்டியை நிறுத்தி, குடையைக்கூட விரித்து வைத்தார், அக்காவுக்கு வெயில் படாமல் இருக்க. நான் வாசலில் நின்று சொன்னேன்.

"மச்சான், கணக்கு அப்படிச் சொல்லல. அங்க போனாத்தான் ஆபத்து. கொஞ்சம் பொறுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். பிறகு பெச்சாக்காரரிடம் கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

பொழுது சாயப் பிறந்தான். பையன்தான். அழவில்லை. பீடான் தலைகீழாகப் பிடித்தாள், தட்டினாள், வாயில் ஊதினாள். அழவில்லை.

"துஹான் புன்யா கெர்ஜா" என்றாள். ஆண்டவன் வேலையாம்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

மழை. மச்சானும் நானும் மயானத்தின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தோம். மச்சான்தான் தோண்டினார். மண்வெட்டியை என்னிடம் தரவில்லை. காவல்காரர் எட்டிப் பார்த்தார், துணியின் அளவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அக்காவுக்குக் காய்ச்சல்.

ப. வீட்டுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 19, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பார்க்க வந்த பெண்களிடம் அவள் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது.

"புள்ளதான் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா நானும் போயிருப்பேன். என் தம்பி கணக்குப் போட்டுப் பாத்து வேணாம்னுட்டான். அவனாலதான் உசுரோட உக்காந்திருக்கேன்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் வந்த அந்த ஆறுதலை இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்போது அதைப் பிடித்துக்கொண்டேன். கோடு கோடுதான், ஒரு குழந்தை ஒரு புள்ளி, ஒரு புள்ளியால் கோடு பொய்யாகிவிடாது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ப. வீடு. வாசலிலேயே அவள் அம்மா, "கேள்விப்பட்டம் தம்பி" என்றார். தையலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதல் தடவையாக எங்கள் நடுவில் யாரும் இல்லை. இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம்.

படத்தைக் காட்டினேன். முழுதும் சொன்னேன், பெச்சாவையும்.

ப. ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரிக்கு ஆர் போறவை?" என்று கேட்டாள்.

"பிரசவத்துக்குப் போறவங்க."

"எல்லாரும் போறவையோ? வீட்டில சுகமாப் பெறுகிறவள் ஏன் போறாள்? கஷ்டம் வந்தவைதானே போகினம். பிள்ளையள் ஆஸ்பத்திரியால சாகேல்லை. சாகப்போற பிள்ளையளைத்தான் அங்க கொண்டு போகினம்."

தாளை மடிக்கப் போனேன்.

"அஞ்சாம் அதிகாரம் உதுதான்" என்றாள், மெல்ல.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். "உங்கட அக்கான்ர பிள்ளையையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கோ. சுங்கை பினாங் புள்ளி கொஞ்சம் மேல போகும். வீட்டுப் பக்கத்தில ஒரு சாவு கூடும்."

கயிற்று டயர் வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தது.

ஆகஸ்ட் 23, திங்கள்

வெயில். ஆபீஸில் ஜப்பான் பாஷை வகுப்பு. வணக்கம் சொல்லி வணக்கம் சொல்லி இடுப்பு போய்விட்டது.

மத்தியானம் சுங்கை பினாங் பதிவைத் திறந்தேன், மருமகனைத் தேடி.

இல்லை.

எப்படி இருப்பான்? நாங்கள் யாரும் வந்து சொல்லவில்லையே. மச்சான் வரவில்லை. இதே நாற்காலியில் தினமும் உட்காருகிற நானே எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அழாத பிள்ளைக்கு என்ன பதிவு என்று மயானத்துக் காவல்காரர் நினைத்ததைத்தான் நானும் நினைத்திருக்கிறேன்.

அழாமல் பிறக்கிறவர்களுக்கென்று தனி பாரம், அதாவது படிவம், ஒன்று உண்டு. அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது, வந்த கட்டு வந்தபடி, சணல்கூட அவிழ்க்காமல். பெரிய கிராணியிடம் கேட்டேன்.

"அதுவா? ஆஸ்பத்திரியிலேர்ந்து அவங்களே எழுதி அனுப்புவாங்க. வீட்டுலேர்ந்து யாரு வர்றா? உசுரோட பொறந்தா மறுநாளே வந்து நிப்பாங்க, ரேஷன் அட்டையில பேரு ஏறணும்ல. செத்துப் பொறந்ததுக்கு அரிசி குடுப்பானா?"

பதிவை மறுபடி திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்று விடாமல் எழுதுகிறார்கள். வீட்டில், அரிசிக்காக வருகிறவர்கள் மட்டும் எழுதுகிறார்கள். நான் எண்ணியது குழந்தைகளை இல்லை. வரிசையில் நின்றவர்களை.

பாலிக் புலாவ் புள்ளி ஏன் அடியில் கிடக்கிறது என்று இப்போது தெரிகிறது. மலையைத் தாண்டி அவ்வளவு தூரம், அழாத பிள்ளைக்காக யார் வருவார்கள்? அதைப் பார்த்து நல்ல காற்று என்று எழுதினேன். இதே நோட்டில், நாலு பக்கம் முன்னால். கிழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 26, வியாழன்

தூக்கம் சரியில்லை. மச்சானுக்குக் கையில் சிராய்ப்பு, மூட்டை சரிந்து. மஞ்சள் கிடைக்கவில்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டுமா? அவள் தேறி வருகிறாள். தன்னைத் தம்பி காப்பாற்றினான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தேறுகிறாள். அதையும் பிடுங்க வேண்டுமா? சொன்னால் யாருக்கு லாபம்? எனக்கு மட்டும், மனப்பாரம் இறங்கும். வேண்டாம். சொல்லப் போவதில்லை.

புத்தகம் இந்த வாரம் என்னிடம். ஐந்தாம் அதிகாரம் படித்து முடித்தேன். நல்ல தெளிவான நடை. ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம்.

ஆகஸ்ட் 28, சனி

சாயங்காலம் மழைக்கு முன் காற்று. நான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரெங்கசாமி அண்ணன் வந்தார். தயங்கித் தயங்கி நின்றார்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். சம்சாரத்துக்கு நாள் நெருங்கிருச்சு. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கண்ணு மங்குதுங்குறா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவலாம்னு பாத்தேன். ஒங்க அக்கா சொன்னுச்சு, நீங்க கணக்குப் போட்டுப் பாத்தீங்களாம், அங்க போனா ஆபத்துன்னு. நெசமா தம்பி?"

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அக்கா அரிசியில் கல் பொறுக்குகிற சத்தம். அரிசியைவிடக் கல் அதிகம், அதனால் வெகுநேரம் கேட்கும்.

மெதுவாகச் சொல்லலாமா என்று நினைத்தேன். தெருமுனைக்கு அழைத்துப் போய்ச் சொல்லலாமா என்றுகூட. அவர் அதற்குள் சத்தமாக, "சொல்லுங்க தம்பி, நீங்க சொன்னா சரி" என்றார். அக்கா சொன்ன அதே வார்த்தை.

"இல்லண்ணே. அந்தக் கணக்கு தப்பு. நான் தப்பாப் போட்டுட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

உள்ளே சத்தம் நின்றது.

"தப்பா?" என்றார் அண்ணன். பிறகுதான் அவருக்கும் உறைத்தது. ஜன்னலைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையில் மாவுச்சாக்குச் சட்டைகள், மடிப்புக் கலையாமல். அவரிடம் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரியில துணி கேப்பாங்கண்ணே. வச்சுக்குங்க. எல்லாம் அலசினதுதான்."

ஆகஸ்ட் 29, ஞாயிறு

ப. வீட்டுக்குப் போகவில்லை. புத்தகம் இங்கேயே.

அக்கா சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும். முன்பெல்லாம் அந்தச் சத்தம்கூட இருக்காது, அவள் பேச்சில் கேட்காது.

மச்சான் ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிராய்த்த கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அன்னிக்கு நான் பெச்சா கூட்டியாந்தேன். கூட்டியாந்தேன்ல?"

"கூட்டிட்டு வந்தீங்க மச்சான். நான்தான் திருப்பி அனுப்பச் சொன்னேன்."

தலையை ஆட்டினார். அதை வேறு ஒருவர் வாயால் கேட்கத்தான் வந்திருக்கிறார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 1, புதன்

ரெங்கசாமி அண்ணன் சம்சாரத்துக்குப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில். வெட்டு வெட்டாய் ஜன்னி வந்ததாம், இரண்டு நாள் கண் திறக்கவில்லையாம். இன்று திறந்தாள். குழந்தை சின்னதாக இருக்கிறதாம், ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுகிறதாம். அண்ணன் நேரே ஆபீஸுக்கு வந்து பதிந்தார். நான்தான் எழுதினேன். பிறந்த இடம், ஆஸ்பத்திரி. உயிருடன். என் கையெழுத்து கோணலாகப் போயிற்று.

இதுவும் ஒரு புள்ளிதான். ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இனி எல்லாம் தெரியும், ஐந்தாம் அதிகாரம் மனப்பாடம்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "பாவாடைச் சட்டை ஒன்னுகூட இல்லையே அதுல" என்று தனக்குத்தானே சொன்னாள்.

செப்டம்பர் 3, வெள்ளி

விடாத மழை. ஆபீஸ் கூரை ஒழுகி, ஒரு வருடப் பதிவை வெயிலுக்குக் காத்து விரித்து வைத்திருக்கிறோம்.

கிளம்புமுன் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்ச் சணலை அவிழ்த்தேன். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு பாரம் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், அந்தப் படம் இருந்த அதே பையில்.

அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இரண்டு நாளாகலாம். கேட்காமலே போகலாம்.

செப்டம்பர் 5, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. காலையில் ப. தன் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், புத்தகம் வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று. அடுத்த வாரம் போக வேண்டும்.

சட்டையைத் துவைக்க எடுத்த அக்கா பாரத்தோடு வந்து நின்றாள்.

"என்ன தம்பி இது?"

எட்டு நாளுக்குப் பிறகு தம்பி என்றாள். சொன்னேன். அழாமல் பிறந்த பிள்ளைகளை எழுதுகிற தாள் என்று. யாரும் எழுதாததால்தான் என் கணக்கு தப்பாகப் போயிற்று என்று. நம் பிள்ளையும் அதில் இல்லை என்று.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எழுது."

கேட்டுக் கேட்டு எழுதினேன். அம்மா பெயர், அப்பா பெயர், ஊர். எங்கே பிறந்தது: வீட்டில். ஆண். யார் தெரிவித்தது என்ற இடத்தில் மச்சான் பெயரை எழுதப் போனேன்.

"ஒன் பேரப் போடு" என்றாள்.

போட்டேன்.

ஒரு கட்டம் பாக்கி. பேனாவை மூடினேன். அவளுக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ். ஆனால் வெறும் கட்டம் தெரிந்துவிட்டது.

"அது என்ன?"

"காரணம்."

வெளியே குழாயடியில் யாரோ வாளியை உருட்டினார்கள். என் பதில் எனக்குத் தெரியும், பேனாவைத் திறந்தால் அங்கேயும் என் பெயரைத்தான் எழுதியிருப்பேன். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியலக்கா. அதச் சொல்ல என்னால முடியல. எந்தக் கணக்காலயும் முடியாது."

"அப்ப அதையே எழுது" என்றாள். "தெரியலன்னு எழுது. அன்னிக்கு வாசல்ல நின்னு அத மட்டும் சொல்லியிருந்தீன்னா, நானே எந்திரிச்சுப் போயி வண்டியில ஏறியிருப்பேன்."